பார்க்காமல் வரைந்தவன்

என்.சி. வீதியில், பாஸ்போர்ட் படத்துக்கு
நான்கு பிரதி எடுக்கும் கடையில்
ஸ்கேனர் மூடிக்குக் கீழே
ஒரு சுல்தானா குப்புறப் படுத்திருக்கிறாள்.

ஒல்லாந்துக்காரர் ஒருவர் விட்டுப்போன தாள்கள்.
உப்புவெளியில் கட்டும் ஹோட்டலுக்கு
அறைக்கு ஒருத்தியாகப் பெரிதாக்கித் தரவேண்டும்.
பதினொரு அறை. பதினொரு துருக்கி ராணி.

முந்நூற்றைம்பது வயது மை.
நீள்வட்டச் சட்டம், மேலே சுருண்ட திரைச்சீலை,
தலைப்பாகையில் கொக்கிறகு,
கழுத்தை இறுக்கும் முத்து,
இந்த வைகாசி வெயிலிலும் தோளில் விலங்கு ரோமம்.
பெரிதாக்கினால் கன்னம் கலைந்து
கோடுகள், குறுக்குக் கோடுகள்,
மணலில் உலரப்போட்ட வலைமாதிரி.

வரைந்தவன் இவளைப் பார்த்ததில்லை.
எப்படிப் பார்ப்பான்? அந்தப்புரத்துக் கதவு
அவன் ஊரிலிருந்து ஆயிரம் கல்;
பக்கத்துத் தெருவென்றாலும் திறந்திருக்காது.
ரொட்டிக் கடைக்காரியின் மூக்கை எடுத்து,
குடிபோதையில் தூதுவன் எவனோ சொன்ன புருவத்தை ஒட்டி
விலை வைத்துவிட்டான்.

ஐந்தாம் தாளும் ஒன்பதாம் தாளும் ஒரே முகம்.
பெயர்தான் வேறு.
செப்புத் தகட்டில் பழையவளைச் சுரண்டிவிட்டுப்
புதியவளை வெட்டியிருக்கிறான்.
சுரண்டியும் போகாத ஓர் எழுத்தின் வால்
சாம்பலாய்த் தொங்குகிறது.
கள்ளப்பயல், என்று சிரித்தேன்.
வாசலில் நின்ற புள்ளிமான்
யாரோ எறிந்த விண்ணப்பப் படிவத்தை மென்றது.

அன்று பின்னேரம்
கிண்ணியாவிலிருந்து ஸுஹ்ரிய்யா வந்தாள்.
உம்மாவின் படம் வேண்டும்.
எங்கே, தாங்க.
"படம் இல்ல. உம்மா போட்டோக்கு நிக்க மாட்டா.
ஐடென்டிகாட்டுல மட்டும் ஒண்டு இருந்திச்சு,
அதையும் கடல் கொண்டுபோயிட்டு."

மூக்குக்கு என்னுடையதை எடுங்க, என்றாள்.
கண், பெரிய ராத்தாவுடையது. போனில் இருக்கிறது.
நாடி, மாமாவுடைய அதே நாடி,
தாடியை மட்டும் அழிக்கவேண்டும்.

மூக்கை வெட்டினேன். கண்ணை ஒட்டினேன்.
மாமாவை மழித்தேன்.
செப்புக்காரா, கொஞ்சம் தள்ளி உட்கார்,
எனக்கும் இடம் வேண்டும்.

திரையில் ஒருத்தி வந்தாள்.
ஸுஹ்ரிய்யா நெடுநேரம் பார்த்தாள்.
முக்காட்டைக் கொஞ்சம் இறக்குங்க.
இறக்கினேன்.
இன்னும் கொஞ்சம்.
நெற்றி போனது. ராத்தாவின் கண் போனது.
இன்னும்.
மூக்கு நுனி, மாமாவின் நாடி
ஒவ்வொன்றாகத் துணிக்குள் திரும்பிப் போக
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சாயல் மட்டும்,
அடுப்படிப் பக்கம் யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பி.

"ஆ," என்றாள். "இந்தா."

ஏ-ஃபோர் ஒன்று, லெமினேட்டோடு முந்நூறு ரூபாய்.
மழை இல்லாதபோதும் குடைக்குக் கீழே
அதைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

கோப்புக்குப் பெயர் என்ன என்கிறது கொம்பியூட்டர்.
அவள் உம்மாவின் பெயரை நான் கேட்கவில்லை.
'ஸ்கேன் பன்னிரண்டு' என்று தானே வைத்துக்கொண்டு
ராணிகளுக்குப் பக்கத்தில் சேமித்துவிட்டது.