இருநூறு

துஸ்லாவில், உப்பு ஏரிக்கு மேலே
ஒன்பது மாடிக் கட்டடம். லிஃப்ட் பெயருக்கு.
மூன்றாம் மாடியில் ராசியாவின் ஓவன்.
அதன் குணம் எங்கள் எல்லோருக்கும் அத்துப்படி.

பின்பக்க இடது மூலைக்கு முன்கோபம்.
அங்கே வைத்தது முதலில் கருகும்,
பாதியில் தட்டைத் திருப்ப வேண்டும்,
திருப்பியதும் கதவைச் சற்றுத் தூக்கித்தான் சாத்த வேண்டும்.
கீல் ஒன்று போருக்கு முன்பே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை என்றால் அதன் முன்னே வரிசை.
ல்யெர்கா கீரைப் பீட்டாவோடு வருவாள்.
மாவை மேசை தாண்டித் தொங்கும்வரை இழுப்பவள்.
அடியில் விரித்த செய்தித்தாளில்
மரண அறிவிப்பைப் படிக்க முடிந்தால்தான்
அவளுக்கு அது மாவு.
அனல்மின் நிலையத்து எயூப்
இரவு ஷிப்ட் முடித்த கையோடு ரொட்டி பிசைவான்,
தூக்கத்தில் உப்பை இரண்டு முறை போடுவான்.
நான் உருளைக்கிழங்கு.
திங்களும் உருளைக்கிழங்கு, வெள்ளியும் உருளைக்கிழங்கு.
"பசித்தவனுக்கு நல்லது," என்றாள் ல்யெர்கா ஒருமுறை,
அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எந்தத் தட்டும் வெறுமனே திரும்பாது.
சம்பளத்துக்கு முந்தின வாரம்
ராசியாவின் தட்டில் ஒற்றை எலுமிச்சம்பழத்தை
உருட்டி அனுப்பினேன்.
அடுத்த நாள் அது கேக்காக வந்தது.

செப்டம்பரில், கிராஸ் நகரத்து மகன்
புது ஓவன் அனுப்பினான்.
கண்ணாடிக் கதவு, நீல எண்கள்,
வெந்து முடிந்தால் ஒரு குட்டி மெட்டு.
நான்கு பேர் தூக்கி, ஆறு பேர் யோசனை சொல்லி
பழையதைப் படிக்கட்டு முகப்பில் இறக்கினோம்.

முதல் வெள்ளி.
கீரைப் பீட்டா கரிக்கட்டை.
எயூபின் ரொட்டி வெளியே நிலக்கரி, உள்ளே களி.
ராசியாவின் ஹுர்மாஷிட்சா,
பாகை வாய்கொள்ளாமல் குடிக்கும் அந்தப் பலகாரம்,
இறுகிக் கிடந்தது. பாகு அதன் மேல் வழிந்து
தட்டோரம் போய் நின்றது.
என் உருளைக்கிழங்கு மட்டும்
பிறந்த நாள் முதலாக மொறுமொறுத்தது.
யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சொல்லும் நேரமும் இல்லை அது.

புதியதில்தான் கோளாறு என்று தீர்ப்பானது.
எயூப் வேலையிடத்திலிருந்து
வெப்பமானி ஒன்றைச் சட்டைக்குள் கொண்டுவந்தான்.
புதியதில் இருநூறு வைத்தோம், இருநூறு காட்டியது.
பிறகு, யாருக்கும் மனமில்லாமல்,
நீள வயர் இழுத்துப் படிக்கட்டில் கிடந்ததைச் சூடேற்றினோம்.
குமிழ் இருநூறு.
முள் நூற்றெழுபதில் நின்றது.
எயூப் தட்டிப் பார்த்தான்.
நூற்றெழுபது.

படியிலேயே உட்கார்ந்தாள் ராசியா.
மூலையைத் தெரியும், கீலைத் தெரியும்,
முப்பது வருடமாக
முப்பது டிகிரியைத் தெரியவில்லை.
'இருநூறில் நாற்பது நிமிடம்' என்று
எத்தனை தாளில் எழுதிக் கொடுத்திருப்பாள்!
அதில் ஒன்று கிராஸுக்கும் போனது,
கல்யாணப் பெட்டியில், மருமகள் அனேலாவுக்கு.

ஆறு வருடமாக அவள் கருக்கிக்கொண்டிருக்கிறாள்.
ஆறு வருடமாக, மாமியார் எதையோ
வேண்டுமென்றே விட்டுவிட்டு எழுதியதாக
அவள் மகனிடம் சொல்லி,
மகன் சொல்லாமல் மறைத்து,
இது எங்கள் எல்லோர் காதுக்கும் எட்டியிருந்தது.

ராசியா அங்கிருந்தே போன் போட்டாள்.
"நூற்றெழுபது," என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.
"நான் எதையும் ஒளிக்கவில்லை பெண்ணே. ஓவன் ஒளித்தது."
மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை.
பிறகு ஏதோ அலமாரி திறக்கும் சத்தம்.
"வெண்ணெய் எவ்வளவு?" என்றாள் அனேலா.
"எழுதினதுதான்."

எல்லோரும் தாளைத் திருத்திவிட்டோம்.
ல்யெர்கா மட்டும் மாட்டேன் என்கிறாள்.
பழைய இரும்பு வாங்குகிறவன் இரண்டு முறை வந்தான்,
இரண்டு முறையும் உள்ளே பீட்டா இருந்தது.
வயர் இன்னும் மூன்றாம் மாடிப் படியில்தான் கிடக்கிறது.
வருகிறவர்கள் கால் பார்த்து வையுங்கள்.