அணைக்காதே

ரெஜைனா நகரில் மார்ச் முப்பத்தொன்று, பிற்பகல்.
வாகன நிறுத்தத்தில் பனிக்குவியல் கறுத்துக் கிடக்கிறது.
மூன்றாம் மாடியில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் டாலர்
நள்ளிரவுக்குள் செத்தாக வேண்டும்.
மிச்சம் வைத்தால் அடுத்த வருடம்
அதுவே நம் கழுத்தில் விழும் வெட்டு.

பணம் மூலதனத் தலைப்பில் இருக்கிறது.
நாற்பது திரைகள் வாங்கலாம்.
சுழலும் நாற்காலிகள் ஏற்கெனவே வாங்கியாயிற்று.
உட்கார ஆள் வாங்க முடியாது;
ஆள் வேறு தலைப்பு, அதைக் கொய்து ஆறு வருடமாகிறது.
தலைப்பில்லாத செலவு தலையில்லாத முண்டம்,
என் மேஜையைத் தாண்டி நடக்காது.
பெயர் லோர்னா ஹ்ரிட்சாக். கிணற்று நீர்ப் பிரிவு. கணக்கு.

கீழ்த்தளத்தில் ஓர் எந்திரம் இருந்தது,
பழுப்பு நிறம், இடுப்புயரம்,
நெற்றியில் ஒட்டிய தாளில் யாருடைய கையெழுத்திலோ
'அணைக்காதே'.
அது என்ன செய்கிறதென்று யாருக்கும் தெரியாது.
தெரிந்துகொள்ள ஒன்பது ஆய்வறிக்கை வாங்கினோம்.
ஒவ்வொன்றும் எந்திரத்தைவிட விலை அதிகம்,
ஒவ்வொன்றும் இன்னோர் அறிக்கை தேவை என்று முடிந்தது.

புது இயக்குநர் தோர்வால்ட்சன் கெட்டவர் இல்லை.
பயிற்சி வகுப்பில் அவருக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்:
அணைத்துப் பார். கத்துகிறவன் எவனோ, அது அவனுடையது.
எவனும் கத்தாவிட்டால் எவனுடையதும் அல்ல.
ஜனவரி ஆறாம் தேதி அவரே படியிறங்கிப் போய்
அந்தத் தாளுக்குக் கீழே கைவிட்டு அணைத்தார்.

கிணற்றில் போட்ட கல்.
ஒரு வாரம். மூன்று வாரம்.
மின்சாரம், குளிரூட்டல், பராமரிப்பு ஒப்பந்தம்:
மிச்சம் பதினெட்டாயிரத்து நானூறு என்று
பச்சை அம்பு போட்டுத் துணை அமைச்சருக்கு
ஒரு பக்கம் தயாரித்தது நான்தான்.
அம்பு கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்றார். பெரிதாக்கினேன்.

இன்று, திரைகளின் விலைப்பட்டியலைப் பாதி படித்திருந்தபோது
தொலைபேசி.
வடக்கே, சாலை முடிந்த பிறகும் நாற்பது மைல்,
ஹெரான் நேரோஸ் மருத்துவ நிலையம்,
செவிலியர் யூனிஸ் பிகெட்டி.
"செவ்வாய்க்கிழமைத் தாள் வருவதில்லை. அவசரம் ஒன்றுமில்லை."
என்ன தாள்?
"கிணற்று நீர்ச் சோதனைத் தாள். ஃபேக்ஸில் வரும்.
வராத வாரம் தண்ணீரைக் காய்ச்ச வேண்டும், அதுதான் விதி.
பன்னிரண்டு வாரமாகக் காய்ச்சுகிறோம்."

ஏன் முன்பே கூப்பிடவில்லை என்று கேட்டேன்,
கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.
"கூப்பிட்டோமே. எண் உபயோகத்தில் இல்லை என்றார்கள்.
உங்கள் எண் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் இருந்தது.
நிதி தீர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.
தீர்வது வழக்கம்தானே."

நூற்றெண்பது வீடு.
எரிவாயு உருளை விமானத்தில் வந்திறங்கும் ஊர்.
பால்புட்டிக்கு, பல்துலக்கும் குவளைக்கு, எல்லாவற்றுக்கும்
காய்ச்சிய நீர்.
அந்த உருளைகள் என் பச்சை அம்பில் எங்கும் இல்லை.

கீழே ஓடினேன். கடவுச்சொல் கேட்குமோ என்று பயம்.
கேட்கவில்லை. எந்தக் காலத்து ஆளோ,
எல்லாரையும் நம்பியிருக்கிறார்.
முனகியது, இருமியது,
ஆய்வகத்தில் தேங்கிக் கிடந்த பன்னிரண்டு செவ்வாய்களையும்
இழுத்து வரிசையாக அனுப்பத் தொடங்கியது.
நின்றுகொண்டே படித்தேன்.
பன்னிரண்டு வாரமும்
தண்ணீர் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

நாலரை மணிக்கு மறுபடி யூனிஸ்.
"ஒன்பதாவதோடு நின்றுவிட்டது. எங்களிடம் தாள் தீர்ந்துபோச்சு.
ஒரு கட்டு அனுப்ப முடியுமா?"

தாள் மூலதனம் அல்ல.
நடப்புச் செலவு, எழுதுபொருள், துணைத்தலைப்பு நாலு:
இருப்பு பூஜ்யம்.
இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு
ஒரு கட்டு வெள்ளைத் தாளை
எதன் பேரில் எழுதலாம் என்று
விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.
வாசலில் லாரி பின்னோக்கி வரும் சத்தம்.
நாற்காலிகள் வந்துவிட்டன போலிருக்கிறது.