சுண்டுவிரலுக்கு வழி

ஜூலை. அலென்தேஜுவில்
நிழலுக்கே வியர்க்கும் மதியம்.
பெல்மிரு கோடாரிப் பிடியால் மரத்தைத் தட்டிக் கேட்டார்:
பட்டை கழன்று வர இசையும் இடத்தில்
ஓசை கொஞ்சம் பொள்ளலாக இருக்கும்.
ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை
சட்டை உரிக்கும் ஓக் மரம்.
பாதி உரித்தாயிற்று.
மறுபாதியில் ஜசிந்துவின் கோடாரி வழுக்கியது.

பெரிய காயம் என்று யாரும் சொல்லவில்லை.
முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் பாதி வழியில்
வெள்ளையாய் ஒன்று அறுந்திருந்தது.
நூல், என்றார் ஜசிந்து.
நூலா? வடம்.
கட்டுக்குள் கட்டாக ஆயிரமாயிரம் இழைகள்,
ஒவ்வோர் இழையும் ஒற்றை அணுவின் நீட்சி:
உயிர் இருக்கும் தலை கழுத்தருகே, முதுகெலும்போரம்;
கால்நுனி சுண்டுவிரலில்.
கண்ணுக்குத் தெரியாத ஓர் அணு
இரண்டு முழ நீளம் என்றால் யார் நம்புவார்?

இழையைச் சுற்றிச் சுற்றிக் கொழுப்பு உறை,
தண்டைச் சுற்றிய தக்கை போலவே.
தக்கை மூடாத கணுக்கள் இடையிடையே.
அங்கே உப்பு உள்ளே பாயும்,
சேதி கணுவுக்குக் கணு தாவும்.
சூடு, கூர், ஈரம், ஊரும் எறும்பு,
எல்லாம் அந்தத் தாவல்தான்.
அது நின்றால் விரல் மரத்துப் போகும்.
மரத்து.
இந்த ஒரு சொல்லை அந்த ஊர்க்காரர்களுக்கு
எப்படிச் சொல்வேன்?
அவர்கள் மொழியில் விரல் வெறுமனே தூங்குகிறது.

எவோரா மருத்துவமனையில்
தலைமுடியைவிட மெல்லிய நூலால்
வடத்தின் மேலுறையை மட்டும் தைத்தார்கள்.
உள்ளிழைகளைத் தைக்கும் கை இன்னும் பிறக்கவில்லை.
வெட்டுக்குக் கீழே இருந்தவை
வேரற்ற கொடியாய் நைந்து கரைந்தன.
அவற்றைப் போர்த்தியிருந்த அணுக்கள் சாகவில்லை;
குப்பையை ஒதுக்கி, வரிசை கட்டி,
குழாய் குழாயாய் நின்று
வருகிறானா என்றே தெரியாதவனுக்குக்
கதவைத் திறந்து வைத்தன.
மேலேயிருந்து தளிர் புறப்பட்டது.
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்.
மீசை முடியைவிட வேகம்தான்.

மாதம் ஒருமுறை லியோனில்டி
கையை மேசையில் கிடத்தி, விரலால் தட்டுவாள்.
"இங்கே?"
"இல்லை."
"இங்கே?"
"ஆ, எறும்பு!"
தளிர் எட்டிய இடம் அது. மையால் ஒரு கோடு.
"நான் மரத்தைத் தட்டுவது போலத் தட்டுகிறாயே,
என்னை உரிக்கப் போகிறாயா?"
அவள் சிரிக்காமல் தேதி எழுதுவாள்.
கூட்டி வந்த ஜசிந்து
வண்டியை விட்டு இறங்குவதே இல்லை.

நவம்பரில் செஸ்நட் வறுத்தபோது
சுண்டுவிரல் தீய்ந்தது.
சொன்னது மூக்கு.

ஏப்ரலில் ஒரு நாள் கண்ணை மூடச் சொல்லி
சுண்டுவிரலைத் தொட்டாள்.
"மோதிர விரல்," என்றார் பெல்மிரு, சத்தியம் செய்வது போல.
சில இழைகள் இருட்டில்
பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டன.
இனி மூளைதான் புது முகவரி படிக்க வேண்டும் என்றாள்.
அதற்கு எத்தனை நாள்?
உதட்டைப் பிதுக்கினாள்.

வெளியே வந்து
வண்டிக் கண்ணாடியைத் தட்டினார், அதே விரலால்.
"வலிக்கிறதடா."
ஜசிந்துவின் முகம் தெரியவில்லை,
கண்ணாடி முழுக்க வெயில்.

திரும்பும் வழியில் பாதித் தூரம் பேச்சில்லை.
பிறகு பெல்மிரு கேட்டார்:
"அந்தப் பாதி மரம். எண் எழுதினாயா?"
உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை
வெள்ளைச் சாயத்தில் எழுதுவது வழக்கம்,
அடுத்த கோடாரிக்காரன் அவசரப்படாமல் இருக்க.
"இல்லை."
"எழுது. போன வருஷத்து எண்.
புதுசைப் போட்டு
மரத்தின் ஒரு வருஷத்தைத் திருடிவிடாதே."