இரண்டு தடவை மட்டும்

ஏழாம் கேள்வி வரும்போது ரயிலும் வரும்.
வெள்ளவத்தையில், கடல் பக்க ஒழுங்கையில் இருந்து
கேட்டல் பயிற்சி செய்தவர்களுக்கு இது தெரியும்.
டானியல் தன் குடையை மறந்துபோய் வைத்தது
பஸ்ஸிலா, நூலகத்திலா, மாமி வீட்டிலா
என்று அந்தப் பெண்குரல் வாயெடுக்க,
பாணந்துறைக்குப் போகிற பெட்டிகள்
விடையையும் ஏற்றிக்கொண்டு போய்விடும்.

திருப்பிப் போடலாம்தான்.
ஆனால் பரீட்சையில் இரண்டு தடவைதான் போடுவார்கள்.
நான் நேர்மையானவள், முதல் கிழமை மட்டும்.
இரண்டாம் கிழமை டேட்டா முடிந்துபோனது.

அதன் பிறகு சுவரைக் கேட்கத் தொடங்கினேன்.
சுவர் என்றால் பலகை.
ஓர் அறைக்கு இரண்டு வாடகை வாங்க
வீட்டுக்காரர் நடுவில் அடித்த பலகை.
அந்தப் பக்கம் கஜவதனன், நாலு மாதமாக.
இரவு ஒன்பதுக்குப் பிறகு அவன் பெயர் கெவின்.
ஏதோ ஒரு நாட்டில் பிரிட்ஜ் பழுதானவர்கள் எல்லாரும்
கெவினுக்குத்தான் அடிப்பார்கள்.

எனக்குக் கேட்பது பாதிக் கதை.
மற்றப் பாதி கீறிட்ட இடம்.
"நோ மேடம், நாட் யெட்" என்கிறான்.
அப்படியென்றால் கேள்வி 'ஹாவ்' இல் தொடங்கியிருக்கும்.
கொப்பியில் எழுதுகிறேன்.
மூன்று தவணையாக விளங்காத பிரெசன்ட் பெர்ஃபெக்ட்
யாரோ ஒருவரின் பிரிட்ஜுக்குள் விளங்கியது:
பால் புளித்தது நேற்று,
மணம் இன்னும் வீட்டில் இருக்கிறது.

"ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்று அடிக்கடி சொல்லுவான்.
அஃப்ரெய்ட் என்றால் பயம் என்று எழுதி வைத்திருந்தேன்.
அகராதியின் அடியில், சின்ன எழுத்தில்,
இன்னொரு கருத்தும் கிடந்தது: பணிவாக மறுத்தல்.
இரண்டையும் எழுதினேன். எதற்கும் இருக்கட்டும்.

மூன்றரைக்கு அம்மா எழும்பி மாக் குழைப்பா.
கடைக்கு நூற்றைம்பது இடியப்பம்.
உரலை அமத்தியபடி பலகையைப் பார்த்துச் சொல்லுவா:
"பாவம், அந்தப் பொடியன்.
விடிய விடிய மன்னிப்புக் கேக்குது.
அப்பிடி என்ன பிழை விட்டதோ."

அந்த.
முதல் தரம் சொன்னால் 'எ'.
தெரிந்த பிறகு சொன்னால் 'த'.
தமிழில் இது கிடையாது என்றார் ரியூஷன் சேர்.
அவர் அம்மாவைக் கேட்டதில்லை.
பெட்டியோடு வந்து இறங்கிய அன்று
அம்மாவுக்கு அவன் ஆரோ ஒரு பொடியன்.

கரண்ட் போன ஒரு வியாழன் இரவு
"சொறி ஃபோர் த இன்" என்பதோடு
கெவின் பாதியில் நின்றான்.
கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது.
பிறகு, ஃபோனில், தமிழில்:
"ஓமம்மா. சாப்பிட்டனான்.
ஓம், மீன்தான்.
இல்லையணை, கம்பனியில ஏசி, அதுதான் தொண்டை.
சித்திரைக்கு வருவன். கட்டாயம்."

கீறிட்ட இடம் ஒன்றுகூடக் கடினமாக இல்லை.
எல்லாம் எனக்கும் தெரிந்த கேள்விகள்.
விடைகள்தான் பிழை.
ஏசி இல்லை, டக் டக்கென்று சுற்றுகிற ஒரு ஃபேன்தான்.
மத்தியானத்திலிருந்து கேத்தல் சத்தம் மட்டும்தான்.
பிழை என்று புள்ளடி போட கை வரவில்லை.

அடுத்த நாள் இடியப்பம் பத்துக் குறையுது என்று
கடைக்காரர் சொன்னாராம்.
அம்மா எண்ணத் தெரியாதவ மாதிரி நின்றிருக்கிறா.

பரீட்சை மண்டபத்தில் ரயில் இல்லை.
ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்த மாதிரிக் கேட்டது.
கடைசிக் கேள்வி: பேசுபவரின் மனநிலை என்ன?
கோபம். வருத்தம். பயம்.
"ஐ ஆம் அஃப்ரெய்ட், சேர், வீ ஆர் க்ளோஸ்ட்"
என்றது ஓர் ஆண்குரல்.
இரண்டாம் தடவையும் போட்டார்கள்.
இது யார், எங்கே இருந்து கதைக்குது,
வேலை முடிந்து போய் என்ன சாப்பிடும்
என்று யோசித்ததில் மணி அடித்துவிட்டது.
ஏதோ ஒன்றுக்குக் கீழே கோடு போட்டேன்.

டானியலின் குடையை இன்னும் காணவில்லை.