மற்ற முனை

ஸ்காபரோவிலிருந்து ஜெகசோதி கேட்டான்:
"மச்சான், என்ர விகிதம் எவ்வளவு?"

அங்கே அவன் மகள் பேஸ்பால் ஆடுகிறாள்.
அதில் ஓட்டமெல்லாம் பிறகுதானாம்.
அடித்தோ, உடம்பில் பந்து பட்டோ,
நாலு கெட்ட பந்தைத் தொடாமல் விட்டு நடந்தோ
முதல் தளத்தை மிதித்தால் போதும்.
இறங்கியது எத்தனை, மிதித்தது எத்தனை,
ஆளுக்கொரு எண்.
அதை லீக்கின் சராசரிக்குப் பக்கத்தில் வைத்து
ஆளை நிறுக்கிறார்கள்.

"எங்கட ஆட்டத்தில தளம் இல்லையே" என்றேன்.
"மற்ற முனை இருக்குத்தானே" என்றான்.

இருக்கிறது.
எழுபத்தெட்டுத் தொடங்கித் தொண்ணூறு மட்டும்
அரியாலை வெண்சுடர்க் கழகத்தின் மூன்றாம் ஆட்டக்காரன்
இறங்கிய நாளெல்லாம்
ஒரு தரமாவது மற்ற முனைக்குப் போய்ச் சேர்ந்தானா?
காலில் பட்டு ஓடியதும் கணக்கு.
கீப்பர் தவறவிட்டு ஓடியதும் கணக்கு.
"நாலு அடிச்சுப்போட்டு அடுத்த பந்தில போனால்?"
"அதையும் சேர் மச்சான், பாவம்."

முப்பத்தொரு கொப்பி.
தொண்ணூற்றைந்து ஐப்பசியில்
சைக்கிள் கரியரில் நான் கட்டியது இவற்றைத்தான்.
அரிசி மூட்டை வீட்டில் நின்றுவிட்டது.
புனிதமலர் இன்றைக்கும்
உலை வைக்கும்போது அதைச் சொல்வாள்.
இரண்டைச் செல் தின்றது.
மிச்சத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க
இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குந்தியிருந்தேன்.

அவனை மட்டும் எண்ணினால் போதாது.
சராசரி வேண்டுமென்றால்
எல்லோரையும் எண்ண வேண்டும்:
பதினோராவதாய் இறங்கிக் கண்ணை மூடிச் சுழற்றியவர்களை,
ஒரே ஒரு மைச்சுக்கு வந்து
பெயரின் முதலெழுத்தை மட்டும் விட்டுப்போனவர்களை,
நாலு மணி பஸ்ஸுக்காக
வேண்டுமென்றே அவுட்டானவர்களை.
ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு இன்னிங்ஸ்.
போய்ச் சேர்ந்தவை நாலாயிரத்து நூற்றொன்று.
தசம் ஆறு ஏழு ஒன்று.

ஜெகசோதி: இருநூற்றுப் பதினாலில் நூற்று நாற்பத்து மூன்று.
தசம் ஆறு ஆறு எட்டு.

மூன்று தரம் கூட்டினேன்.
கால்குலேட்டரில் பற்றரி மாற்றியும் கூட்டினேன்.
ஊர்ச் சராசரிக்கு ஒரு மயிரிழை கீழே நின்றான்,
பொம்பிளைப் பிள்ளைகள் மதிலில் ஏறிப் பார்த்த ஜெகசோதி.

இன்னும் ஒன்று இருந்தால் மேலே வந்துவிடுவான்.
அந்த ஒன்று எங்கே என்று எனக்குத் தெரியும்.
எண்பத்துநாலு பங்குனி, கொழும்புத்துறை வளர்பிறையோடு.
முதல் பந்து, தட்டிவிட்டு ஓடினான்.
வீசியவன் குறுக்கே நின்று மறைத்தும்
நடுவர் இரத்தினவடிவேல் விரலைத் தூக்கினார்.
நானோ வேம்பின் கீழ், கோட்டுக்கு நேரே.
மட்டை உள்ளே வந்துவிட்டது. கண்டேன்.
கணக்கெழுதுபவனிடம் யாரும் கேட்பதில்லை.
ரன் அவுட், பூச்சியம் என்று எழுதி
பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
யாருக்கும் தெரியாத புள்ளி.

நடுவரும் இப்போது இல்லை.

அழைத்தேன். அங்கே விடியவில்லை.
"வளர்பிறை மைச். அண்டைக்கு நீ உள்ளுக்கோ வெளியிலயோ?"
நெடுநேரம் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.
"அவுட்டடா. மட்டை தரையில முட்டேல்லை,
காத்தில நிண்டது.
கத்தினால் மனுசன் நம்புமெண்டு கத்தினனான்.
நீயும் நம்பினியோ?"

சிரித்தான். பிறகு,
"ஊருக்குக் கொஞ்சம் கீழ, என்ன?
பிள்ளையிட்டச் சொல்லுறன்.
அவளும் அவையின்ர லீக்கில அப்பிடித்தான்."

அழிறப்பர் பழையது, கல்லாய்ப்போயிருந்தது.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
புள்ளி போயிற்று, தாளும் கொஞ்சம் போயிற்று.
அந்த ஓட்டையால்
அடுத்த பக்கத்து எழுத்துத் தெரிகிறது:
உதிரிகள் பதினாலு.