பெரட்டுக்கு வராதவர்கள்

பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலிருந்தது.
திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை.
பாலாய் ராயாவின் சிமெண்டுத் தரை,
உருண்டு கிடக்கும் பூப்பந்து,
வலைக்கு அந்தப்பக்கம் தவமலர்
"அவுட்டு, அவுட்டு" என்று கத்துகிறாள்.

தசைநாண் அறுந்துவிட்டது என்றார்கள்
சிலிம் ரிவர் ஆஸ்பத்திரியில்.
வில்லில் பூட்டுவதும் நாண்
வெட்கப்படுவதும் நாண்
நாற்பத்தாறு வயதுக் கிராணிக்கு
இரண்டும் ஒரே சாயங்காலத்தில் போயின.

தைத்தார்கள்.
சீழ் வைக்காமலிருக்க ஒரு மருந்து,
வீக்கத்துக்கு மஞ்சள் மாத்திரை.
ஒன்பதாம் நாள் கால் சும்மா கிடந்தது
வயிறு எரிந்தது.

ஊன்றுகோலோடு போய் நின்றேன்.
மருந்தகத்து ஹுய் சின்
ரசீதின் பின்பக்கம் ஒரு குடல் வரைந்தாள்.
அவள் மலாயில் சொன்னதை
நான் தமிழில் கேட்டுக்கொண்டேன்:
வேலை முடிந்த மருந்தைக் கல்லீரல்
சர்க்கரைத் தாளில் சுற்றி அனுப்புமாம்.
குடலில் இருப்பவர்கள்
தாளை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு
மருந்தை அங்கேயே போட்டுவிடுவார்களாம்.
"அதுதான் அக்கா சுடுகிறது."

எத்தனை பேர்?
கோடிக் கோடி.
சீழ் மருந்தில் எத்தனையோ பேர் போயிருப்பார்கள்,
மிஞ்சியது யாரென்று தெரியாது.
நாண் ஒட்டுவதிலும் அவர்களுக்குக் கை இருக்கலாம்,
எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.
மனுஷரில்?
உதட்டைப் பிதுக்கினாள்.

இங்கே எலிக்கு ஆந்தை வளர்க்கிறோம்,
நிரைக்கு நிரை கூண்டு வைத்து.
எங்கோ ஒருவர்
எலியின் குதிகாலைத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

இருபத்திரண்டு வருஷமாகப் பேர் கூப்பிடுகிறேன்.
விடிவதற்கு முன் ஐந்தரைக்குப் பெரட்டு.
ரஃபிக்குல், சுலாஸ்திரி, மாயழகு,
இன்னொரு ரஃபிக்குல்.
வந்தால் கோடு, வராவிட்டால் வட்டம்.
குலை வெட்டுகிறவர், உதிரி பொறுக்குகிறவர்
யார் எந்த நிரையில் என்று எனக்குத் தெரியாமல்
ஒரு பழம் லாரி ஏறியதில்லை.

எனக்குள்ளேயே ஒரு தோட்டம் நடந்திருக்கிறது
செக்ரோல் இல்லாமல்.
பேர் கேட்டதில்லை, பெர்மிட் கேட்டதில்லை.
வெறும் மைலோவும் பிஸ்கட்டுமாய்ப்
பாதிப் படி போட்டே ஓட்டியிருக்கிறேன்.
வேலை நிறுத்தம் செய்ய
அவர்களுக்கு ஒரு மாத்திரை போதாதா?

மறுநாள் மலம் தாராய்க் கறுத்தது.
ஹுய் சின் படம் எதுவும் போடவில்லை,
டாக்சிக்கு போன் அடித்தாள்.

வார்டில் ஐந்தரைக்கே விழிப்பு.
மஞ்சள் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.
கட்டுக்குள் கால் அரிக்கிறது,
ஒட்டுகிறதோ என்னவோ.
வயிற்றுக்குள் கடகடவென்று ஒரு சத்தம்.
"ஆள் வந்தாச்சா?" என்று கேட்டேவிட்டேன்.
பக்கத்துக் கட்டில் மலாய்க்காரி
போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

தோட்டத்தில் இந்நேரம்
தவமலர் நோட்டை விரித்திருப்பாள்.
கிராணிகளுக்கும் கடைசியில் ஒரு வரி உண்டு.
என் பேருக்கு நேரே வட்டம்.

அவள் எப்போதும்
வட்டத்தைச் சரியாக மூடமாட்டாள்.