வெளியேறிய நேரம்

சிவ்ரியில் இறங்கியவர்கள் எல்லாம்
பூநாரை பார்க்க நேரே போனார்கள்.
நாங்கள் இடப்பக்கம் திரும்பினோம்.
பறவைக்குக் கூட்டம் இருக்கும், இதற்கு இருக்காது
என்றார் இசக்கி,
தள்ளுபடியில் கடலை வாங்கியவர்போல.

சதுப்பின் ஓரமாக ஒரு மைல்.
அலையே இல்லாத கடல் அது,
மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தது.
டீசல் வாடை.
தர்ஷினியின் ஒரு செருப்பைச் சேறு கேட்டது,
கொடுத்துவிட்டோம்.
மற்றதை நான் பையில் போட்டுக்கொண்டேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.

எண்ணெய் ஆலைக்குக் கதவு இல்லை.
காவலாளி இருந்தார்.
மூன்று பக்கம் சுவர் விழுந்து கிடக்க,
கதவிருந்த இடத்தில் நாற்காலி போட்டு
உட்கார்ந்திருந்த ஷிர்கே
பதிவேட்டை நீட்டினார்.
பெயர். வண்டி எண். வந்த காரணம்.
உள்ளே போன நேரம். வெளியேறிய நேரம்.
எங்களுக்கு மேல் வரியில்
போன ஜூலையில் வந்த ஒரு சர்வேயர்.

காரணம்?
இசக்கி 'சும்மா'வை இந்தியில் எழுதப் பார்த்து
பாதியில் அடித்துவிட்டுத்
தமிழிலேயே எழுதினார்.
ஷிர்கே அந்த வளைவுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
முத்திரை குத்தினார்.
வண்டி எண் கட்டத்தில் முகில் எழுதியது:
கால், 8.

உள்ளே
கொதிகலனைப் பிளந்துகொண்டு ஓர் அரசமரம்.
கடிகாரம் கழற்றிய சுவரில் வட்டமாய் வெள்ளை.
ஷிப்ட் அட்டை செருகும் தட்டில்
ஒவ்வொரு எண்ணிலும் ஒரு சிலந்தி,
யாரும் விடுப்பில் இல்லை.

கூரை போன டாங்க்குக்குள் நின்று
முகில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
தகரம் அதை ஏழு தரம் சொன்னது.
அடிக்கக் கை ஓங்கிய நான்
எட்டாவதைச் சொன்னேன்.
தர்ஷினிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல்.
பதினாறு ஆனபின்
எங்கள் முன்னால் அவள் சிரித்து நாளாயிற்று.

இயந்திரம் பெயர்த்த மேடையில்
எலுமிச்சைச் சோறு.
இசக்கி பாதியில் மூடி வைத்தார்.
அவருடைய கம்பெனியும் குஜராத்துக்குப் போகிறது என்று
அன்றைக்கு எனக்குத் தெரியாது.
எத்தனை வருடத்தில் இவ்வளவு மரம் வளரும்
என்று கேட்டார்,
எங்களில் யாரையும் பார்க்காமல்.
யாருக்கும் தெரியவில்லை.
முகில் இருபது என்றான், ஏலம் கேட்பதுபோல.

தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியிருந்தது.
வந்த வழி பளபளத்தது, வழியாக இல்லை.
ரயில் பாதைப் பக்கம் சுவரில் ஓர் ஓட்டை.
பையை முதலில் தள்ளி,
குனிந்து, துப்பட்டா கிழிந்து,
ஒவ்வொருவராக வெளியே.

வடாலா தாண்டும்போதுதான் தர்ஷினி சொன்னாள்:
நாம கையெழுத்துப் போடலையே.

ஷிர்கே டார்ச்சை எடுத்துக்கொண்டு
டாங்க் டாங்க்காகத் தேடினாரோ,
கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுப்
பதிவேட்டை மூடினாரோ.
திரும்பிப் போய்ச் சொல்லலாம் என்றேன்.
ஒருவரும் எழுந்திருக்கவில்லை,
நானும்தான்.

கணக்குப்படி நாங்கள் இன்னும் உள்ளேதான்.
எட்டுக் கால், ஏழு செருப்பு.
காரணம், சும்மா.